நாற்பத்து மூன்று வயது ரத்தக்குழாய்

முப்பது வருடக் குடித்தனத்தில் வார நாள் ஒன்றில்கூட அந்தக் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இதில் என்ன அதிசயம் என்பார்கள். அவளுக்கு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. அவருக்கு அதே ஆஸ்பத்திரியில், தரைக்குக் கீழே இருக்கும் ரெக்கார்டு ரூமில் பகல் ஒன்றிலிருந்து இரவு ஒன்பது வரை. அவள் வீடு திரும்பும்போது அடுப்படியில் அவர் கழுவிக் கவிழ்த்த தட்டு இருக்கும். அவர் திரும்பும்போது அவள் முதல் தூக்கத்தில் இருப்பாள். கட்டிக்கொடுத்த மகள் அடிக்கடி சொல்வாள், "ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இல்லாட்டி நான் பொறந்தே இருக்க மாட்டேன்மா" என்று.

இந்த மாதக் கடைசியோடு அவருக்கு அறுபது முடிகிறது. ஓய்வு. அவளுக்கு இன்னும் மூன்று வருட வேலை பாக்கி. அதனால் என்ன? இரண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள் இருக்கும். சாப்பாட்டை மூடி வைக்காமல் பரிமாறலாம். அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை வரை ஊறப்போட வேண்டாம். அவள் ஆசை அவ்வளவுதான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஐம்பத்தேழு வயதில் புருஷனோடு உட்கார்ந்து பேச ஆசை என்று வாய்விட்டால் ஸ்கேன் பிரிவே கூடிச் சிரிக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெரிய டாக்டருக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது.

பெரிய டாக்டர் என்று எல்லோரும் சொல்வது ஆஸ்பத்திரியின் இயக்குநரை. வயது அறுபத்து நான்கு. ஓய்வு பெற வேண்டிய நாள் இரண்டு முறை வந்து, வாசலில் நின்று, திரும்பிப் போயிருந்தது. அவருடைய ஆராய்ச்சி, வயது ஏற ஏற ரத்தக்குழாய்கள் எப்படி விறைத்துப்போகின்றன என்பது. விஷயம் நல்ல விஷயம்தான். இதயத்திலிருந்து கிளம்பி, குடையின் கைப்பிடி மாதிரி வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும் பெருங்குழாய் இளவயதில் புது ரப்பர் போல நெகிழ்ந்து கொடுக்கும். இதயத்தின் ஒவ்வொரு அடியையும் வாங்கித் தாங்கி மெதுவாகத்தான் கீழே அனுப்பும். வயதாகி விறைத்துப்போனால் தாங்காது, வந்த அடியை அப்படியே விசையாகத் தள்ளிவிடும். அந்தத் துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தால் குழாயின் வயது தெரிந்துவிடும். இதற்கு எம்.ஆர்.ஐ. மெஷின் உதவும். நெஞ்சருகே ஓர் இடம், தொப்புளருகே ஓர் இடம். மேலே துடிப்பு வந்த நேரத்துக்கும் கீழே வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மெஷின் இமைப்பொழுதின் சின்னத் துண்டாகச் சொல்லிவிடும். இடையில் உள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம்.

தூரம் என்று ஒன்று வேண்டுமே, அங்கேதான் வம்பு. படத்தில் குழாயின் வளைவு நெளிவெல்லாம் தெரியத்தான் தெரியும். அதன் நடுவே புள்ளி புள்ளியாக வைத்து அளந்துகொண்டு போனால் ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பெரிய டாக்டரோ ஒரே மாதத்தில் முந்நூறு பேர் முடிய வேண்டும் என்றார். அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆராய்ச்சி டாக்டர் ஒருவர் உண்டு. வயது முப்பத்தொன்று, பேர் எல்லோருக்கும் சின்ன டாக்டர். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உடை மாற்றும் அறையில் ஆளை நிற்க வைத்து, தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை தையல்காரர் டேப்பால் அளந்துகொள்வது. உள்ளே இருக்கும் வளைவுக்காக எல்லோருக்கும் பொதுவாக எட்டு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்வது. கல்லூரி மாணவர்கள் பத்துப் பேரிடம் சரிபார்த்தாராம், அச்சு அசலாகப் பொருந்தியதாம்.

உள்ளே இருக்கும் குழாயையே படம் பிடிக்கிற மெஷினை வைத்துக்கொண்டு சட்டைக்கு மேலே டேப் போடுவானேன் என்று அவள் ஒருதரம் கேட்டாள். "அக்கா, நீங்க டேப்பைப் பிடிங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் சின்ன டாக்டர். அவள் பிடித்தாள்.

முதல் வாரமே அதிசயம் நடந்தது. மாணவர்களும் நர்சுகளும் தத்தம் வயதிலேயே இருந்தார்கள். சின்ன டாக்டரின் ரத்தக்குழாய்க்கும் முப்பத்தொன்றுதான். ஆனால் மூத்தவர்கள் வரிசையாகக் குழந்தைகளாகிக் கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது கணக்கு அதிகாரிக்கு நாற்பத்தைந்து. சமையல்கூடத்து மேற்பார்வையாளர் அம்மாவுக்கு நாற்பத்தேழு. பெரிய டாக்டர் தானும் படுத்துப் பார்த்தார். நாற்பத்தொன்று.

அன்றைக்கு அவர் நடந்த நடையை ஆஸ்பத்திரி இன்னும் மறக்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் காலண்டர் வயது என்பது வெறும் வதந்தி, பிறந்த தேதியை யாரோ எழுதி வைத்தார்கள், ரத்தக்குழாய் பொய் சொல்லாது என்று பேசினார். இந்த ஆஸ்பத்திரியில் உழைப்பவர்களுக்கு மூப்பு வருவதில்லை என்பதே தன் கண்டுபிடிப்பு என்றார். காரணமும் தயாராக இருந்தது: தலைமையின் கட்டுப்பாடு. மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. இனி ஊழியர்களின் ஓய்வு, ரத்தக்குழாய் அறுபதை எட்டும்போதுதான். ஏற்கெனவே ஓய்வை நெருங்கியவர்கள் விருப்பம் தெரிவித்துக் கையெழுத்திட்டால் ஐந்து வருடம் தொடரலாம். கையெழுத்திட்டபின் பின்வாங்க முடியாது, குழாய் அறுபதைத் தொட்டதாக மறு அளவையில் தெரிந்தாலொழிய. ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் கிடையாது.

அவள் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தாள். தன் வீட்டுக்காரர் இதிலெல்லாம் விழுகிறவர் இல்லை என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவருடைய முறை ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரைக்கு வந்தது. முப்பது வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் ஸ்கேன் பிரிவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் மற்ற எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டாள். உடம்பில் இரும்பு ஏதாவது உண்டா, ஆபரேஷன் ஏதாவது உண்டா, மூடிய இடம் என்றால் பயமா. "கட்டின பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது" என்றார் அவர். டேப்பைத் தொண்டைக்குழியில் வைத்தபோது அவர் நிமிர்ந்து விறைப்பாக நின்றார், ராணுவ வீரர் மாதிரி. முப்பத்தேழு சென்டிமீட்டர். எட்டைக் கூட்டினால் நாற்பத்தைந்து.

மெஷின் டக்டக்கென்று அடிக்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் திரையைப் பார்த்தாள். மேலே போகிற ரத்தம் வெளுப்பாகவும் கீழே இறங்குகிற ரத்தம் கறுப்பாகவும் ஒரு நொடி மின்னி மின்னி மறைந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருடைய நெஞ்சைப் பார்க்கிறவள்தான். இருந்தாலும் இது தன் மனிதனுடையது என்று நினைத்தபோது மைக்கில் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்ன குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

கணக்கு வந்தது. நாற்பத்து மூன்று.

அதற்குப் பிறகு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. லிப்டை விட்டுவிட்டுப் படியேறினார், அதுவும் இரண்டிரண்டாக. தலைக்கு மை வந்தது. மை காதோரம் இறங்கிச் சட்டைக் காலரிலும் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு டி-ஷர்ட் வந்தது. ரெக்கார்டு ரூமில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நாற்பத்தாறு வயதுக்காரரை "நீங்க பெரியவங்க, நீங்க சொன்னா சரிதான்" என்று கேலி செய்ததாகச் செய்தி ஸ்கேன் பிரிவு வரை ஏறி வந்தது. அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், போன் செய்து தம்பிக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். "ஒண்ணும் இல்ல அண்ணி, வயசு குறைஞ்சிருக்கு" என்றாள் இவள்.

இதையெல்லாம் அவள் ரசிக்கவே செய்தாள். போகட்டும், பதினைந்து நாளில் வீட்டுக்கு வரப்போகிறவர், ஆசைக்கு ஆடிவிட்டு வரட்டும். வியாழக்கிழமை நிர்வாகப் பிரிவின் பலகையில் பணி தொடரக் கையெழுத்திட்டவர்களின் பட்டியலைப் பார்க்கும் வரை அப்படித்தான் நினைத்தாள். ஏழாவது பெயர் அவருடையது. ஐந்து வருடம். பகல் ஒன்றிலிருந்து ஒன்பது வரை.

ஞாயிறு வரை அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க நேரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆஸ்பத்திரிக்குத் தன் சேவை தேவைப்படுகிறது என்றார். பழைய கோப்புகள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று தன்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்றார். நாற்பத்து மூன்று வயதில் எவனாவது வீட்டில் முடங்குவானா என்று கடைசியாகக் கேட்டார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள் அவள்.

"நீதான தூங்கிட்டிருந்த" என்றார் அவர்.

அந்தப் பதில் அவளைச் சுட்டது. திங்கட்கிழமை கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு வேலை முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் அவருடைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று என்கிறார்களே, அப்படி என்னதான் அழகு இந்தக் குழாயில் என்று பார்க்கிற ஆத்திரம்தான். பார்க்கப் பார்க்க நெற்றி சுருங்கியது. மாணவர்களின் குழாய் குடைக் கைப்பிடி போலச் சின்னதாக வளைந்து நேராக இறங்கும். இவருடையது அகலமாக வளைந்து, நெஞ்சுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆறு போல நெளிந்து நெளிந்து இறங்கியது. வளைவுக்கு எட்டு சென்டிமீட்டரா?

மவுஸை எடுத்துக் குழாயின் நடுவே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம். ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர் வந்தது. டேப் கணக்கில் நாற்பத்தைந்து. அதே நேரத்தில் ஒன்பது சென்டிமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது துடிப்பு. அப்படியானால் வேகம் கூடுதல். வயதும் கூடுதல். அறுபத்தொன்று.

அடுத்த இரண்டு நாள் அவள் பெரிய டாக்டருடையதை அளந்தாள், கணக்கு அதிகாரியுடையதை அளந்தாள், சமையல்கூடத்து அம்மாவுடையதை அளந்தாள். விஷயம் விளங்கிவிட்டது. வயதாக ஆகக் குழாய் விறைப்பதோடு நிற்பதில்லை, நீளவும் செய்கிறது. நெஞ்சுக்கூடு நீளாது, அதனால் குழாய் உள்ளேயே வளைந்து நெளிந்து இடம் பிடித்துக்கொள்கிறது. வெளியே போட்ட டேப்புக்கு அது எப்படித் தெரியும்? இளசுகளுக்கு எட்டு சென்டிமீட்டர் சரி. மூத்தவர்களுக்கு அந்த எட்டுதான் இருபது வருடத்தை விழுங்கியிருக்கிறது. பெரிய டாக்டருக்குச் சரியான கணக்கு அறுபத்தெட்டு.

சின்ன டாக்டரிடம் படங்களைக் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது. புரியாமல் இல்லை, நன்றாகப் புரிந்துதான் வெளுத்தது. கட்டுரை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்றார். கடைசியில், "அக்கா, இதுல யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் சந்தோஷமாத்தான இருக்காங்க" என்றார்.

எனக்கு நஷ்டம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் அவளை உறுத்தியதும். கணக்கு தப்பு என்பதால் சொல்கிறோமா, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்பதால் சொல்கிறோமா? இரண்டும்தான் என்று அவளுக்குத் தெரியும். தவிரவும், சொல்லப்போவது என்ன? உங்கள் குழாய் விறைத்துவிட்டது, நீங்கள் கிழவர் என்று. புருஷனை வீட்டுக்கு வரவழைக்க ஒரு பெண்பிள்ளை இப்படியா வெற்றிலை பாக்கு வைப்பாள்?

எப்படியும் பெரிய டாக்டரின் கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பத்துப் பேர் முன்னால் தன் வீட்டுக்காரர் இதைக் கேட்கக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, டேப்பையும் வளைவையும் விளக்கினாள். அவர் முழுவதும் கேட்டார்.

"எவ்வளவு?" என்றார்.

"அறுபத்தொண்ணு."

"எனக்கு அறுபதுதான ஆகுது."

"ஒரு வருஷம் கூடவே ஓடிருக்கு. பிரஷர் பாத்து எத்தனை நாளாச்சு நீங்க?"

அவர் டீயை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றினார். பிறகு, இதே டேப்பை நீதானே பிடித்தாய் என்று ஒரு சீறல் சீறினார். நாற்பத்து மூன்று என்று சொன்னபோது உன் வாய் எங்கே போயிருந்தது, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வளைவு தெரிந்ததா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. அவர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். மை போட்ட தலையின் பின்பக்கம், கை எட்டாத இடத்தில், ஒரு வட்டம் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஏங்க, எனக்கு நாப்பத்தி மூணு வயசுக்காரர் வேண்டாங்க. அவரை எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க நெஜமா நாப்பத்தி மூணா இருந்தப்ப நான் காலை ஷிப்ட்ல இருந்தேன்."

அவர் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தே சொன்னார்.

"பயமா இருக்கு."

"எதுக்கு?"

"நீ ரெண்டேகாலுக்கு வந்துடுவ. தூங்கறது ஒன்பதுக்கு. அதுவரைக்கும் உன்கூட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பயம் தனக்கும் உண்டு என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை சின்ன டாக்டரை இழுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் கூட்டத்துக்குப் போனாள். பெரிய டாக்டரே கூப்பிட்டு அனுப்பியதாகவும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மறு அளவை கேட்டு முதல் விண்ணப்பம் பகல் ஷிப்ட் தொடங்கும் முன்பே ரெக்கார்டு ரூம் பொறுப்பாளரிடமிருந்து வந்திருந்தது. கூட்டத்தில் கணக்கு அதிகாரி உட்பட ஆறு பேர், ஆறு பேருக்கும் ரத்தக்குழாய் வயது ஐம்பதுக்குக் கீழே. அவள் பெரிய திரையில் ஒரு மாணவனின் குழாயையும் பெரிய டாக்டரின் குழாயையும் அருகருகே போட்டாள். பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. படத்தின் மூலையில் எழுதியிருந்தது.

பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தன் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது படம்" என்றார். "படத்துல எல்லாம் கொஞ்சம் வளைஞ்சுதான் தெரியும்."

கணக்கு அதிகாரி ஆமாம் என்றார், அவருடைய கல்யாண ஆல்பத்திலும் அப்படித்தானாம். சமையல்கூடத்து அம்மா மட்டும் தனக்கு இப்போதே முழங்கால் வலிக்கிறதே, அது எந்தக் கணக்கில் வரும் என்று முணுமுணுத்தாள். சின்ன டாக்டர் மேஜையை ஆராய்ந்தார். அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் எழுதப்பட்டது. ஒன்று, இந்த ஆஸ்பத்திரி ஊழியர்களின் ரத்தக்குழாய்கள் நேரானவை என்று கொள்ளப்படும். இரண்டு, டேப் அளவே இறுதியானது. மூன்று, படத்தில் தெரியும் வளைவு நெளிவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. ரெக்கார்டு ரூம் பொறுப்பாளரின் மறு அளவை விண்ணப்பம் ஏற்கப்படுகிறது, ஆனால் டேப்பால்தான் அளக்க வேண்டும். துடிப்பு ஓடிய நேரம் பழையதே போதும், மெஷினை வீணாக்க வேண்டாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள், நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். டேப்பால் அளந்தால் மறுபடியும் நாற்பத்து மூன்றுதானே வரும்? மனிதர் ஒருவழியாக மனசு மாறி விண்ணப்பம் போட்டார், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக ஆகிவிட்டதே என்று நொந்துகொண்டாள்.

மறுநாள் பகல் உடை மாற்றும் அறையில் சாட்சிக்குச் சின்ன டாக்டர் நின்றார். அவர் கையில் பதிவேடு. அவள் டேப்பை எடுத்தாள். அவர், அவளுடைய வீட்டுக்காரர், சட்டையைக் கழற்றி மாட்டினார். ஒரு பெரிய மூச்சு விட்டார். விட்டதும் வயிறு முன்னால் வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருக்க, இன்னும் வந்தது. ரெக்கார்டு ரூம் நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்து சேர்த்த சொத்து அத்தனையும் பெல்ட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன தடவை இந்த மனிதர் அளந்து முடிகிற வரைக்கும் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கட்டிய மனைவி முன்னால்.

"அன்னிக்கு எதுக்குங்க அப்படி நின்னீங்க?" என்று காதோடு கேட்டாள்.

"வெளிச்சத்துல உன் முன்னாடி நிக்கறோமேன்னு" என்றார் அவரும் காதோடு.

டேப் தொண்டைக்குழியில் கிளம்பி, நெஞ்சில் இறங்கி, மலையேறி, உச்சியைத் தாண்டித் தொப்புளைத் தொட்டது. அவள் இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. விதிப்படி உடம்போடு ஒட்டிப் பிடித்தாள்.

"நாப்பத்தி ஆறரை" என்றாள்.

சின்ன டாக்டர் வயிற்றைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். இந்த மேட்டுக்கும் உள்ளே இருக்கும் குழாய்க்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியாதா? சொல்ல வாயெடுத்தார். டேப் அளவே இறுதியானது என்ற தீர்மானத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எட்டைக் கூட்டினார், வகுத்தார், பதிவேட்டில் எழுதினார்.

"அறுபத்தி ரெண்டு, சார்."

"அறுபத்தி ஒண்ணுன்னுதான இவ சொன்னா" என்றார் அவர் வருத்தத்தோடு.

"டேப் பொய் சொல்லாது சார்" என்றார் சின்ன டாக்டர். அவர் உதட்டோரம் துடித்தது. பல நாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரிப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இந்தச் செய்தி ஆஸ்பத்திரி முழுக்கப் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சமையல்கூடத்து அம்மா அன்றே மறு அளவைக்கு விண்ணப்பித்தாள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றாள், ஓய்வு வாங்கிக்கொண்டு முழங்காலோடு சொந்த ஊருக்குப் போனாள். ஒல்லியாக இருந்த பாவத்துக்குக் கணக்கு அதிகாரி மட்டும் தொடர்ந்து இளமையாக இருக்கிறார். பெரிய டாக்டருக்கு இன்றைக்கும் நாற்பத்தொன்றுதான். போன வாரம் படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினார், சுவரில் மாட்டியிருக்கும் ஆஸ்பத்திரி வரைபடத்தை ஊன்றிப் பார்ப்பதுபோல. பார்த்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி, அவள் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்தது. முதல் இருபது நிமிடம் இருவரும் பெண் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருந்தார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அவர் மூன்று முறை சொன்னார். சமைத்ததே அவர்தான் என்பது மூன்றாவது முறைக்குப் பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், விழுங்கினார். அதற்குப் பிறகு பேச்சு தீர்ந்துபோனது. அவர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். அவள் எழுந்து குறைத்தாள்.

"வேர்க்குது" என்றார்.

"எனக்குக் காத்து நேரா மூஞ்சில அடிச்சா ஆகாதுன்னு தெரியாதா?"

தெரியாது என்றார் அவர், உண்மையாகவே. யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். சொல்ல நேரம் எங்கே இருந்தது என்றாள் அவள். அப்படியானால் நான் ஈரத்துண்டை நாற்காலியில் போடுவதைப் பற்றி மட்டும் எப்படி முப்பது வருடமாகச் சொன்னாய் என்றார் அவர். துண்டு வந்ததும் அவருடைய அக்கா வந்தாள், அக்கா வந்ததும் மகள் கல்யாணத்தில் யாருக்கு யார் போன் செய்யவில்லை என்பது வந்தது. கையெழுத்துப் போட்டதும் வந்தது. இருவரும் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்பதைப்போல.

ஐந்தரை மணிக்கு மகள் போன் செய்தாள். என்னம்மா செய்கிறீர்கள் என்றாள்.

"உங்கப்பாகூடச் சண்டை போட்டுட்டிருக்கேன். அப்புறமா கூப்பிடு" என்று வைத்துவிட்டு, எங்கே விட்டேன் என்று அவரைக் கேட்டாள்.

அவர் விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தார்.